மாதாவின் பொன்னும் நம்ம ஊர்க் கேந்தியும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். கேட்கத் தவறியவர்கள் கேட்டுக்கொண்டதால் பங்கு மடலில் வெளியிடுகிறோம்.)



அக்டோபர் பிறந்துவிட்டால் நம் பக்கத்துச் சந்தைகளில் மஞ்சளும் காவியுமாகக் குவிந்துவிடும். ஆயுத பூஜைக்கு லாரியின் முகப்பில் தொங்குவது, கடையின் கல்லாப்பெட்டிக்கு மேல் தொங்குவது, ஆட்டோவின் முன்விளக்கைச் சுற்றிக் கட்டியிருப்பது எல்லாம் ஒரே பூ. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் நாம் அதைக் கேந்தி என்கிறோம். வடக்கே போனால் செண்டுமல்லி. பழைய அகராதிகளில் தேடினால் துலுக்கச் செவ்வந்தி. இன்றைக்கு அந்தப் பூவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். குறிப்பாக, அதன் ஆங்கிலப் பெயரைப் பற்றி. ஆங்கிலத்தில் அது மேரிகோல்டு.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம், "மேரிகோல்டு என்றால் என்ன?" என்று கேட்டேன். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் பதில் வந்தது: "பிஸ்கட், ஃபாதர்!" சிரித்துவிட்டேன். அந்தப் பிஸ்கட்டில் இருக்கிற மேரி யார் தெரியுமா? 1874-ல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாண்ட்ரோவ்னா இங்கிலாந்து அரசியின் மகனை மணந்தார். அந்தத் திருமணத்தைக் கொண்டாட லண்டனில் பீக் ஃப்ரீன் என்ற நிறுவனம் ஒரு பிஸ்கட் செய்து அவர் பெயரை அச்சடித்தது. அந்த மேரி பல நாடு சுற்றி நம் டீக்கடைக் கண்ணாடி ஜாடிக்குள் வந்து சேர்ந்தார். ஆக, பிஸ்கட்டின் மேரி ஒரு இளவரசி. பூவின் மேரி நாசரேத்தூர் மரியா, நம் அன்னை.

சரி, நற்செய்தியை விட்டுவிட்டு ஏன் பூவைப் பிடித்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா. முந்தின நாள் மாலை சப்பரம் சோடிக்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு அன்பியத்துப் பெண்கள் நாலு கூடை கேந்தி கொண்டுவந்தார்கள். விலைக்கு வாங்கியது இல்லை. வீட்டுக்குப் பின்னால், வாழைக்கு ஓரமாக, மாதாவுக்கென்றே நாற்று விட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தது. சோடனைக்குப் பொறுப்பேற்றவர்கள் பெங்களூரிலிருந்து ரோஜாவும் கார்னேஷனும் வரவழைத்திருந்தார்கள். அவர்களும் நல்லவர்கள்தான், கைக்காசு போட்டு, கண்விழித்து வேலை செய்கிறவர்கள். அதில் ஒருவர், "இது சாவுக்குப் போடுத பூல்லா, மாதாவுக்கு எப்படி வைக்கது?" என்றிருக்கிறார். இன்னொருவர், "இது அவங்க சாமிக்குப் போடுதது" என்றிருக்கிறார். கூடைகள் கெபிக்குப் பின்னால் திண்ணையிலேயே கிடந்தன. மறுநாள் பாட்டுப் பூசை முடிந்த பிறகுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. அதற்குள் பூ வாடிவிட்டது. கொண்டுவந்தவர்களில் வயதான ஒரு அம்மா அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு கோயில் பக்கம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "பூ போனாப் போகுது சாமி, எங்களயே வேண்டாம்னு சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார்.

ஆக, பூவின் மேல் இரண்டு குற்றச்சாட்டு. அது சாவுப் பூ. அது அடுத்தவர்கள் பூ. இரண்டையும் கொஞ்சம் நிதானமாக விசாரிப்போம். அதற்கு அந்தப் பெயரின் வரலாறு உதவும்.

மேரிகோல்டு என்ற பெயரை முதலில் வாங்கியது நம் கேந்தியே இல்லை. ஐரோப்பாவின் தோட்டங்களில் தங்க நிறத்தில் பூக்கும் வேறொரு செடி உண்டு. தாவரவியலார் அதைக் கலெண்டுலா என்பார்கள். பழங்கால ஆங்கிலேயர்கள் அந்தப் பூவைச் சும்மா 'பொன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சில் கோல்டு. பிறகு யாரோ அதன் முன்னால் மேரி என்று சேர்த்தார்கள். மேரியின் கோல்டு, மேரிகோல்டு. நம் ஊரில் மரியபுஷ்பம் என்று பெண் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லையா, அதைப்போல.

கலெண்டுலா என்ற லத்தீன் பெயரும் சுவையானது. உரோமையர்கள் மாதத்தின் முதல் நாளைக் கலெண்டே என்றார்கள். நாம் சுவரில் மாட்டுகிற காலண்டர் அதிலிருந்து பிறந்ததுதான். இந்தச் செடி ஏறக்குறைய எந்த மாதம் பார்த்தாலும் பூத்திருக்கும் என்பதால் அதற்கு அந்தப் பெயர் என்பார்கள். உரோமையரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நாள் மாதத்தின் முதல் நாள். வட்டிக் கணக்கு எழுதும் நோட்டுக்குக் கலெண்டாரியம் என்று பெயர். நம் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

மேரியின் பெயர் ஏன் சேர்ந்தது? இதற்கு இரண்டு கதைகள் சொல்வார்கள். கதை என்றே கேட்டுக்கொள்ளுங்கள். எகிப்துக்குத் தப்பிப் போகும் வழியில் திருடர்கள் மாதாவின் பையைப் பறித்தார்களாம். திறந்து பார்த்தால் காசுக்குப் பதில் உள்ளே பொன்னிறப் பூவிதழ்கள். இன்னொரு கதையில் திருடர் இல்லை, ஏழைகள் வருகிறார்கள். பணக்காரர்கள் மாதா சுரூபத்தின் முன்னால் பொற்காசு வைப்பார்கள். காசில்லாதவர்கள் அதே நிறத்தில் ஒரு பூவைப் பறித்து வைப்பார்கள். அதனால் அது மாதாவின் பொன் ஆயிற்று. இவற்றை நம்பச் சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் இரண்டாவது கதையைக் கேட்கும்போது நாலு கூடை கேந்தி என் கண்முன் வருகிறது.

மாதாவுக்கும் பொன்னுக்கும் உள்ள உறவைப் பற்றி நற்செய்தி என்ன சொல்கிறது என்று பாருங்கள். மத்தேயு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் ஞானிகள் பொன் கொண்டுவருகிறார்கள். அந்தப் பொன் அதன் பிறகு என்ன ஆயிற்று என்று நற்செய்தியாளர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். குழந்தையைக் கோவிலில் அர்ப்பணிக்கப் போகிறார்கள். மோசேயின் சட்டப்படி, லேவியர் நூல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உள்ளபடி, குழந்தை பெற்ற தாய் ஒரு வயதுச் செம்மறிக் குட்டி கொண்டுவர வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்களுக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது: இரண்டு காட்டுப் புறாக்கள், அல்லது இரண்டு மாடப்புறாக் குஞ்சுகள். மரியாவும் யோசேப்பும் கொடுத்தது புறாக்களை. லூக்கா ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. படிக்கிற யூதர் எவருக்கும் அந்த ஒரு வரியில் எல்லாம் புரிந்துவிடும். இந்தக் குடும்பத்தின் கையில் காசில்லை.

குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்த நாளிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி உண்டு. அன்றைக்கு எருசலேம் கோவிலில் மரியா வரிசையில் நிற்கிறார். முன்னால் ஒருவர் கொழுத்த ஆட்டுக்குட்டியோடு நிற்கிறார். இவர் கையில் கூண்டில் இரண்டு புறா. அங்கே பொறுப்பில் இருந்த யாராவது இவரை ஏற இறங்கப் பார்த்திருப்பார்களா? "இதைக் கொண்டுவந்தாயாக்கும்?" என்று கேட்டிருப்பார்களா? நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழைக் காணிக்கையை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தவர்கள் இரண்டு பேர் என்று சொல்கிறது: சிமியோனும் அன்னாவும். இரண்டு பேருமே முதியவர்கள். அன்னா எண்பத்து நான்கு வயதுக் கைம்பெண்.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். நடுக்காலத்தில் அங்கே மரியாவின் பெயர் பூசாத செடியே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு பூ அன்னையின் செருப்பு, ஒரு இலை அன்னையின் மேலாடை, வைக்கோல்போல் காயும் ஒரு செடி அன்னையின் படுக்கை. எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள் வயல்வரப்பையே ஜெபப் புத்தகமாக வைத்திருந்தார்கள். பிறகு பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி அரசன் காலத்தில் திருத்தலங்கள் மூடப்பட்டன. இங்கிலாந்தின் வேளாங்கண்ணி என்று சொல்லத்தக்க வால்சிங்ஹாம் திருத்தலத்தின் மாதா சுரூபம் 1538-ல் அகற்றப்பட்டு எரிக்கப்பட்டது. (நாசரேத்து, சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துச் சகோதரர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது நானூற்றைம்பது வருசத்துக்கும் முந்திய கதை. இன்றைக்கு வால்சிங்ஹாமில் ஆங்கிலிக்கன் திருத்தலமும் கத்தோலிக்கத் திருத்தலமும் இருக்கின்றன.) சுரூபத்தை எரித்தார்கள், அடுக்களைத் தோட்டத்துப் பூவின் பெயரை யாரும் தொடவில்லை. ஏனென்றால் அந்தப் பூ சமையலுக்கு வேண்டும். குங்குமப்பூ வாங்க வசதியில்லாத வீட்டுப் பெண்கள் மேரிகோல்டு இதழைக் காயவைத்து, கஞ்சிக்கும் பாலாடைக் கட்டிக்கும் நிறம் ஏற்றினார்கள். ஏழையின் குங்குமப்பூ என்றே அதற்கு ஒரு பெயர். அப்படி, மாதாவின் பெயரைச் சத்தமாகச் சொல்லத் தயங்கிய காலத்திலும் அடுப்படியில் தினம் ஒருமுறை அது சொல்லப்பட்டது. நமக்கு ரோசரி, ஜெபமாலை என்று இருக்கிறதே, அதிலும் ஒரு பூந்தோட்டம் ஒளிந்திருக்கிறது: ரோசாரியம் என்றால் லத்தீனில் ரோஜாத் தோட்டம்.

முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. லத்தீனில் மார்கரீத்தா என்றால் முத்து. அதிலிருந்து மார்கரெட் என்ற பெயர். பிரெஞ்சில் மார்கரித் என்றால் வெள்ளை இதழுள்ள ஒரு பூவும் உண்டு. அவர்களுக்கு ஒரு பூ முத்து, ஒரு பூ பொன். நம் கடற்கரையில் முத்து மூழ்கி எடுத்த மக்கள் மத்தியில் அன்றீக் அடிகளார் 1586-ல் புனிதர்களின் வரலாற்றைத் தமிழில் அச்சிட்டபோது அதற்கு வைத்த லத்தீன் பெயர் ஃப்ளோஸ் சாங்க்தோரும், அதாவது புனிதர்களின் மலர். தாமிரபரணி கடலில் சேருமிடத்துப் புன்னைக்காயலில்தான் அது அச்சேறியது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஊர்ப் பெயரிலேயே புன்னை இருக்கிறது!

இப்போது நம் கேந்திக்கு வருவோம். கேந்தியின் தாய்வீடு மெக்சிகோ. ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் அது ஐரோப்பாவையே எட்டிப் பார்த்தது. நிறத்தைப் பார்த்த ஆங்கிலேயர்கள், "இதுவும் நம் மேரிகோல்டு போலத்தானே இருக்கிறது" என்று பழைய பெயரையே தூக்கிப் புதுச் செடிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதோடு நிற்காமல் பெரிய பூ உள்ளதை ஆப்பிரிக்க மேரிகோல்டு என்றார்கள். சின்னப் பூவைப் பிரெஞ்சு மேரிகோல்டு என்றார்கள். அது ஆப்பிரிக்காவில் பிறந்ததும் இல்லை, பிரான்சில் பிறந்ததும் இல்லை. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1535-ல் ஆப்பிரிக்காவின் துனிசைப் பிடித்தபோது படைவீரர்கள் அங்கே இந்தப் பூவைப் பார்த்து, ஆப்பிரிக்கப் பூ என்று நினைத்துக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. பெயர் வைக்கிறவன் தான் எங்கே பார்த்தானோ அந்த ஊரைச் சேர்த்து வைத்துவிடுகிறான்.

பிரெஞ்சுக்காரர்கள் பழைய மேரிகோல்டுக்கு வைத்த பெயர் சூசி. சூரியனைப் பின்தொடர்வது என்று பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அவர்கள் மொழியில் கவலை என்பதற்கும் அதே சொல்தான். இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்து ஒரே உச்சரிப்பில் சேர்ந்துகொண்டன. நம் பக்கத்திலும் பாருங்களேன், கேந்தி என்றால் பூ. "அவன் கேந்தியா இருக்கான்" என்றால் கோபம்.

நம் நாட்டு மொழிகள் என்ன செய்தன? போர்த்துக்கீசியர் வழியாக இந்தப் பூ இங்கே வந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. வந்த பூவை நம் சனங்கள் உருண்டையாகப் பார்த்தார்கள். இந்தியில் கேந்தா, அதற்கு அடிப்படை பந்து. தமிழில் செண்டு என்றாலும் பந்துதான். கன்னடத்தில் செண்டு ஹூவு, தெலுங்கில் பந்திப் பூ, இரண்டிலும் பந்து. மரியாவும் இல்லை, பொன்னும் இல்லை. பிள்ளைகள் எறிந்து விளையாடுகிற பந்து. எனக்கு இதுவும் பிடித்திருக்கிறது.

ஆனால் துலுக்கச் செவ்வந்தி என்ற பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். செவ்வந்தி நம்முடையது, இது செவ்வந்திபோல் இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை என்று சொல்கிற பெயர் அது. நம் மொழியில் இப்படி முன்னொட்டுகள் நிறைய உண்டு. பறங்கிக்காய். சீமைக் கருவேலம். எந்தக் கப்பலில் வந்தது, யார் கையிலிருந்து வந்தது என்ற முத்திரையைச் செடியின் நெற்றியில் ஒட்டிவிடுவோம். விசித்திரம் என்னவென்றால் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அது நம் குழம்புக்குள் புகுந்துவிட்டதால் யாரும் அதை வேற்றூரான் என்று சொல்வதில்லை.

இந்த முத்திரையின் வலி நமக்குத் தெரியாததா? 1606-ல் தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது அவரைத் திடுக்கிட வைத்தது எது? அங்கே திருமுழுக்குப் பெற வருகிறவர்களிடம் பறங்கிக் கூட்டத்தில் சேரச் சம்மதமா என்ற பொருளில் கேள்வி கேட்கப்பட்டது. பறங்கி என்பது மக்கள் வாயில் என்ன மதிப்போடு புழங்கிய சொல் என்பதை அவர் புரிந்துகொண்டார். கிறிஸ்துவை ஏற்கிறவன் ஏன் தன் மண்ணுக்கு அந்நியனாக வேண்டும் என்று கேட்டார். அவர் வழிமுறையில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு; சாதி வேறுபாட்டோடு அவர் செய்துகொண்ட சமரசத்துக்கு நம் திருச்சபை இன்றைக்கும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. இன்றுவரை யாராவது நம்மைப் பார்த்து உங்கள் மதம் வெளியிலிருந்து வந்தது என்றால் நமக்குச் சுருக்கென்கிறது. அப்படிச் சுடுபட்ட நாமே ஒரு பூவைப் பார்த்து, இது அவர்களுடையது என்று ஒதுக்கி வைப்பது எப்படி? அதுவும், உலகத்தில் பாதிப் பேர் மாதாவின் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பூவைக் கூப்பிடுகிறார்கள் என்னும்போது? சந்தையில் ஒரே குவியலிலிருந்துதான் கள்ளபிரான் கோயில் தெருக்காரரும் வாங்குகிறார், நாமும் வாங்குகிறோம், தர்காவுக்குப் போகிறவரும் வாங்குகிறார். மூன்று பேருக்கும் ஒரே விலை.

இங்கிலாந்தில் இன்றைக்கு மேரிகோல்ட்ஸ் என்றால் பல பேருக்குப் பூ ஞாபகம் வராது. பாத்திரம் கழுவும்போது போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறை ஞாபகம் வரும். ஒரு நிறுவனம் அந்தப் பெயரில் கையுறை விற்றது. பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. பக்தியுள்ள ஒருவர் இதைக் கேட்டால் வருத்தப்படலாம். எனக்கு வருத்தமில்லை. நாசரேத்தூரில் ஒரு தச்சர் வீட்டில் முப்பது வருசம் யார் பாத்திரம் கழுவினார்கள்?

கேந்தியும் அப்படி வேலை செய்கிற பூதான். விவசாயம் செய்கிற நேயர்களுக்கு இது தெரிந்திருக்கும். கேந்தியின் வேர் மண்ணுக்குள் ஒரு பொருளைக் கசியவிடுகிறது. பயிரின் வேரில் முடிச்சு போடுகிற நூற்புழுவுக்கு அது ஆகாது. தக்காளி போடுகிறவர்களுக்குப் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை ஒன்று உண்டு. பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை கேந்தி. தக்காளி நாற்று இருபத்தைந்து நாள் வயதில் நடும்போது கேந்தி நாற்று நாற்பத்தைந்து நாள் வயதில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே சமயம் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டுக் கேந்தியில் போய் முட்டையிடும். காய்க்கு வர வேண்டிய அடியைப் பூ வாங்கிக்கொள்கிறது. மைசூர் பக்கம் குண்டலுப்பேட்டையில் ஏக்கர் கணக்கில் கேந்தி போடுகிறார்கள். மாலைக்கு இல்லை, சாயச் சத்து எடுக்க. அதைக் கோழித் தீவனத்தில் கலந்தால் முட்டையின் மஞ்சள்கரு நல்ல நிறமாக வரும். கேந்தியைக் கோயிலுக்குள் விடமாட்டேன் என்றவர் காலையில் ஆம்லெட் சாப்பிட்டிருந்தால், அதில் கொஞ்சம் கேந்தி இருந்திருக்கலாம்.

இனி முதல் குற்றச்சாட்டு: சாவுப் பூ. இதை மறுக்க மாட்டேன். உண்மைதான். நம் ஊரில் சவ ஊர்வலம் போன தெருவில் கேந்தி இதழ் சிதறிக் கிடக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் கேந்தி மாலை இருக்கும்.

அதே நவம்பர் 2-ல் இந்தப் பூவின் தாய்வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? மெக்சிகோவில் இதை செம்பசூச்சில் என்கிறார்கள். அஸ்தேக்கு மக்களின் நாகுவாத்து மொழிச் சொல் அது. அந்த மொழியில் செம்பொவாலி என்றால் இருபது, சோச்சித் என்றால் மலர். இருபது மலர், அதாவது ஒரு பூவுக்குள் எண்ணற்ற பூ. பிய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பெயர்தான் எல்லாப் பெயரிலும் சரியான பெயர். கேந்தியில் நாம் இதழ் என்று நினைப்பது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. ஸ்பானியர் வருமுன்பே அங்குள்ள மக்கள் தங்கள் விழாக்களில் இந்தப் பூவைப் பயன்படுத்தினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே பணியாற்றிய பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தீனோ தெ சகாகூன், அந்த மக்களின் வாயாலேயே கேட்டு, அவர்கள் மொழியிலேயே எழுதிவைத்த பெரிய நூலில் இந்தப் பூவும் இடம்பெற்றிருக்கிறது. பிறகு நற்செய்தி அங்கே வேரூன்றியபோது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குளூனி மடத்துத் தலைவர் புனித ஓடிலோ தொடங்கிவைத்த இறந்தோர் நினைவு நாளும் அந்தப் பழைய பூவும் சேர்ந்துகொண்டன. இன்றைக்கு மெக்சிகோ கத்தோலிக்கர்கள் கல்லறையிலிருந்து வீட்டு வாசல்வரை செம்பசூச்சில் இதழை உதிர்த்துப் பாதை போடுகிறார்கள். இறந்துபோன அப்பாவும் அம்மாவும் அந்த மணத்தையும் நிறத்தையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்களாம். இறையியல் படித்தவன் என்ற முறையில் இதில் நான் திருத்தம் சொல்ல முடியும். ஆனால் பாதை போடுகிற அந்தத் தாயிடம் போய்த் திருத்தம் சொல்ல எனக்கு மனமில்லை.

அங்கிருந்து நமக்கு யாரும் கடிதம் போட்டுச் சொல்லவில்லை, நாமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பல ஆயிரம் மைல் தள்ளி, ஒரே நாளில், ஒரே பூவை இரண்டு ஊர்ச் சனங்களும் தங்கள் கல்லறையில் வைக்கிறார்கள்.

சரி, அப்படியானால் சாவுப் பூவை மாதாவுக்கு வைக்கலாமா? நான் திருப்பிக் கேட்கிறேன். சாவு வீட்டில் நாம் முதலில் யாரைக் கூப்பிடுகிறோம்? அருள் நிறைந்த மந்திரத்தின் கடைசி வரியில் எந்த இரண்டு நேரத்துக்காக அன்னையின் மன்றாட்டைக் கேட்கிறோம்? ஒன்று இந்த நேரம். இன்னொன்று நம் மரண நேரம். ஐம்பத்து மூன்று மணியிலும் அதைச் சொல்கிறோம். சிலுவையடியில் நின்றவர், இறந்த மகனை மடியில் வாங்கியவர் என்று நாம் வணங்குகிற ஒரு தாய்க்கு, சாவுக்கு வைக்கிற பூ என்பதால் ஒரு பூ ஆகாமல் போகுமா? 2023 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பனிமய அன்னையின் தங்கத் தேர் ஓடியபோது நானும் கூட்டத்தில் நின்றேன். தங்கத்தை அன்னை வேண்டாம் என்றா சொன்னார்? பிள்ளைகள் அன்போடு கொடுப்பதை வாங்கிக்கொண்டார். பின்வீட்டில் வாழைக்கு ஓரமாய் விளைந்த தங்கத்தையும் அப்படியே வாங்கிக்கொள்வார்.

சோடனைக் குழுவினரோடு உட்கார்ந்து பேசியாயிற்று. அவர்களில் இரண்டு பேர் அக்கரைக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தும் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஜெபமாலை மாதம் முழுக்கக் கெபிக்கு அந்த அன்பியத்துப் பூதான் வருகிறது.

மற்றப் பங்குகளில் இருந்து கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வுட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில் ஒரு கோயிலை ஒட்டி 1932-ல் மரியாவின் தோட்டம் என்று ஒன்று போட்டார்கள். அன்னையின் பெயர் தாங்கிய பழைய செடிகளாகத் தேடி நட்டார்கள். நம் கோயில் வளாகங்களில் சிமெண்ட் ஓடு பதிக்காத இடம் ஏதாவது மிச்சம் இருந்தால் செய்துபார்க்கலாம். கேந்திக்குப் பெரிய செலவு கிடையாது. காய்ந்த பூவை உதிர்த்தால் அடியில் கறுப்பாகக் குச்சிபோல் இருப்பதுதான் விதை.

கடைசியாக, என் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். நவம்பர் 2 மாலை நாலரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி. தோட்டத்தின் மேற்கு மதிலை ஒட்டி, சிலுவை சாய்ந்து, எழுத்து அழிந்துபோன கல்லறைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. யாருடையவை என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது ஊரில் இல்லை. வீட்டில் கேந்தி வைத்திருக்கிறவர்கள் உங்கள் சொந்தங்களுக்குக் கொண்டுவரும்போது ஒரு கை கூடுதலாகக் கொண்டுவாருங்கள். முள் வெட்டி ஒதுக்க இளைஞர்கள் ஐந்தாறு பேர் மூன்று மணிக்கே மண்வெட்டியோடு வந்துவிடுங்கள்.